கணக்கில் பணம் இருந்தும் கைக்கு வராதபோது

சம்பா நெற்பயிருக்குத் தூர் கட்டும் தருணத்தில் ஒரு மேலுரம் இட்டாக வேண்டும். அந்தத் தருணம் தாண்டிக் கதிர் வெளிவரும் சமயத்தில் அதே யூரியாவை வீசினால் தூர் கூடப் போவதில்லை. தாள் மட்டும் கொழுத்து வளர்ந்து சாயும். பூச்சியும் நோயும் தேடி வரும். உரத்துக்கு உள்ள இந்தக் காலக் கெடு உரம் வாங்கும் பணத்துக்கும் உண்டு. ஆகவே இந்த வாரம் பயிரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வங்கிக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட விவசாயிக்குப் பணம் ஏறிவிட்டதாகக் கைபேசியில் செய்தி வருகிறது. உரம் வாங்க வேண்டுமென்று வங்கிக்குச் செல்கிறார். "பணம் இருக்கிறது, ஆனால் ஹோல்டு போட்டிருக்கிறது, எடுக்க முடியாது" என்கிறார் கவுண்டரில் இருப்பவர். யார் போட்டது, எதற்காக என்று கேட்டால், "மேலிடத்தில் போட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் வாருங்கள்" என்று பதில். அடுத்த வாரம் சென்றால் அதைக் கவனிக்கும் அதிகாரி விடுப்பு. இப்படியே பத்துப் பதினைந்து நாட்கள் ஓடி விடுகின்றன. கடைசியில் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கைமாற்று வாங்கி உரம் போடுகிறார். தன் பணம் வங்கியில் கிடக்க, ஊரார் பணத்துக்கு வட்டி கட்டும் நிலை.

காரணம் அறிந்த பின்பே வைத்தியம்

நெற்பயிர் மஞ்சளாகிறது என்றால் உடனே யூரியாவைத் தூவக் கூடாது என்பது விவசாயப் பெருமக்கள் அறிந்ததே. தழைச்சத்துக் குறைவானால் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைவானால் இளம் இலை வெளுக்கும். நட்ட இரண்டு மூன்று வாரங்களில் இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி கண்டால் துத்தநாகத்தைக் கவனிக்க வேண்டும். துங்ரோ நோயானால் பச்சைத் தத்துப்பூச்சியைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் விழும் பிடிப்பும் இவ்வாறே. வெளிப்பார்வைக்கு எல்லாம் "பணம் வரவில்லை" என்ற ஒன்றுதான். உள்ளே காரணம் வெவ்வேறு. காரணத்துக்குத் தக்கபடி போக வேண்டிய வாசலும் வெவ்வேறு. கிளை மேலாளரிடம் சண்டை போட்டுத் தீராத பிடிப்பு உண்டு. ஒரே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் அன்றே தீரும் பிடிப்பும் உண்டு.

ஆகவே முதல் நாளே கேட்டு அறிய வேண்டியவை நான்கு. எந்தத் தேதியில் பிடிப்பு போடப்பட்டது? எவ்வளவு தொகைக்கு? யாருடைய உத்தரவின் பேரில்? என்ன காரணம்? கிளையின் கணினியில் பிடிப்புத் தொகையும் தேதியும் காரணக் குறிப்பும் பெரும்பாலும் தெரியும். "எங்களுக்கே தெரியாது" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பி விடாமல், திரையைப் பார்த்துச் சொல்லும்படி பணிவாகக் கேட்க வேண்டும். கேட்டவற்றைப் பாஸ் புத்தகத்தின் பின்பக்கத்திலாவது அங்கேயே எழுதிக்கொள்வது உசிதம். பாஸ் புத்தகத்தையும் அன்றே வரவு வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பாதிக் காரணம் அதிலேயே அச்சாகியிருக்கும்.

பணம் உண்மையிலேயே இந்தக் கணக்குக்கு வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஆதார் வழியாக வரும் அரசு உதவித் தொகைகள், எந்த வங்கிக் கணக்கில் ஆதார் கடைசியாக இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். நகைக்கடனுக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி அங்கே ஆதாரையும் இணைத்திருந்தால், பிரதம மந்திரி கிசான் தவணை ரூ.2,000 அந்தக் கணக்கில் கிடக்கும். விவசாயி பழைய வங்கியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

பழைய கடனுக்காகப் பிடித்தால்

கிராமங்களில் மிகுதியாகக் காண்பது இதுதான். பயிர்க்கடனோ, கறவை மாட்டுக் கடனோ தவணை தாண்டி நிற்கும்போது, அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் வரும் பணத்தை வங்கி நிறுத்தி வைக்கிறது அல்லது கடனில் வரவு வைத்துக்கொள்கிறது. வங்கிக்கு இதற்கு உரிமையே கிடையாது என்று சொல்ல இயலாது. தன்னிடம் வந்து சேர்ந்த வாடிக்கையாளரின் உடைமை மீது வங்கியாளருக்குப் பொதுப் பிடிமான உரிமை உண்டு என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவு கூறுகிறது. ஒரே ஆளின் வரவையும் கடனையும் ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையும் வங்கிச் சட்ட நடைமுறையில் உள்ளது.

ஆனால் அந்த உரிமைக்கு வரப்பு உண்டு. கடன் தவணை வந்து, கட்டாமல் நிற்க வேண்டும். தவணை வராத கடனுக்காக இப்போதே பிடிக்க இயலாது. கடன் பெற்றவரும் கணக்குக்கு உரியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். கணவர் கடனுக்காக மனைவியின் கணக்கில் கை வைக்கக் கூடாது. ஒருவரது தனிக்கடனுக்காக அண்ணன் தம்பி கூட்டுக் கணக்கைப் பிடிப்பதும் முறையல்ல. உழவர் குழுவுக்கோ மகளிர் குழுவுக்கோ ஒருவர் செயலாளராக இருந்து கையெழுத்துப் போடுகிறார் என்பதற்காக, அவரது சொந்தக் கடனைக் குழுவின் பணத்தில் கழிக்கவும் முடியாது. இவற்றில் எது நடந்தாலும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஜாமீன் போட்டவர்கள் நிலை வேறு. பக்கத்து வயல்காரர் டிராக்டர் வாங்கியபோது நட்புக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பார், போட்டதே மறந்திருக்கும். சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. ஆயினும் வங்கி முதலில் ஜாமீன்தாரருக்கு அறிவிப்பு அனுப்பித் தொகையைக் கேட்க வேண்டும். அறிவிப்பு ஏதும் இல்லாமல் கணக்கைப் பிடித்திருந்தால், அறிவிப்பு நகலும் ஜாமீன் பத்திர நகலும் வேண்டுமென்று மனுக் கொடுக்க வேண்டும். வாயால் ஒப்புக்கொண்டு எந்தத் தாளிலும் கையெழுத்து இடுவதற்கு முன் அந்தப் பத்திரத்தைப் பார்த்துவிடுவது நலம்.

அரசு உதவித் தொகைகளைப் பிடிப்பது தனி விஷயம். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ரூ.1,000 முதன்முறை வரவு வைக்கப்பட்டபோது, சில வங்கிகள் அதைப் பழைய பாக்கிக்கும் குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்துக்கும் பிடித்தன. அவ்வாறு பிடிக்கக் கூடாது என்று தமிழக அரசு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இத்தகைய புகாரை முதலமைச்சரின் உதவி மையம் 1100 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

பயிர்க்கடன் அட்டை ஓர் ஓவர்டிராஃப்ட்

உழவர் கடன் அட்டையில் கொடுக்கப்படும் கடன் மற்றக் கடன்களைப் போன்றதல்ல. வரம்பு ஒன்று வைத்து, வேண்டும்போது எடுத்து, வரும்போது கட்டி, மீண்டும் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் போன்ற கணக்கு அது. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. இதில்தான் பலரும் ஏமாறுகின்றனர். வரம்பு நடப்பில் இருக்கும்போது விளைச்சல் பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் வட்டி குறையும். தேவைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வரம்பு காலாவதியாகி, புதுப்பிக்காமல் கிடக்கும்போது அதே பணத்தைப் போட்டால் அது வறண்ட மண்ணில் ஊற்றிய தண்ணீர். கடனில் இறங்கி விடும், திரும்ப எடுக்க முடியாது. எனவே கொள்முதல் நிலையத்தில் கணக்கு எண் எழுதிக் கொடுக்கும்போது, அது சேமிப்புக் கணக்கா, பயிர்க்கடன் கணக்கா என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பாஸ் புத்தகமும் ஒரே நிறத்தில் இருந்து தொல்லை கொடுக்கின்றன. அட்டையின் மேல் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தவணைத் தேதியின் மதிப்பையும் சொல்ல வேண்டும். ரூ.1,00,000 பயிர்க்கடனுக்கு ஓராண்டில் 7 சதவீத வட்டி ரூ.7,000. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் ஊக்கச் சலுகை கிடைத்து வட்டி ரூ.4,000 ஆகிறது. ஒரு நாள் தாமதத்தால் ரூ.3,000 போகலாம். ஆகவே பிடிப்பினால் பணம் முடங்கித் தவணை தவறும் நிலை வந்தால், அதையும் மனுவில் குறிப்பிட்டு, பிடிப்புத் தொகையிலிருந்தே தவணையை வரவு வைத்துக்கொள்ளும்படி கெடுவுக்கு முன்பாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வட்டி, கட்டண விஷயத்தில் விவசாயிக்குச் சாதகமான சில விதிகள் உள்ளன. வங்கியில் யாரும் வலிய வந்து சொல்வதில்லை. தவணை தவறியதற்கான தண்டத்தை வட்டியோடு சேர்த்து அதற்கும் வட்டி போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையால் நிறுத்தியது. தண்டம் தனிக் கட்டணமாகத்தான் இருக்கலாம்; அதை அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி கணக்கிடக் கூடாது. ரூ.50,000 வரையிலான முன்னுரிமைக் கடன்களுக்குப் பார்வையிடும் கட்டணம், சேவைக் கட்டணம் என்று எதுவும் பிடிக்கக் கூடாது. சிறு, குறு விவசாயிக்குக் கொடுத்த குறுகிய காலக் கடனில் மொத்த வட்டி அசல் தொகையை மிஞ்சக் கூடாது. கணக்கு விவரத்தில் இவற்றுக்கு மாறாக ஏதேனும் இருந்தால் பென்சிலால் வட்டமிட்டுக் கேட்க வேண்டும்.

பயிர்க் காப்பீட்டுப் பிரீமியமும் அடிக்கடி சச்சரவாகிறது. 2020 காரீப் பருவம் முதல் கடன் பெற்ற விவசாயிக்கும் காப்பீடு விருப்பத்தின் பேரில்தான். வேண்டாம் என்போர் கடைசித் தேதிக்கு 7 நாட்கள் முன்பாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வங்கி பிடித்துக்கொள்ளும். சம்பா நெல்லுக்கு ரூ.100 காப்பீட்டுக்கு விவசாயி பங்கு ரூ.1.50 மட்டுமே என்பதால், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்குமுன் இரண்டு முறை யோசிக்கலாம் என்பது என் கருத்து.

குறைந்தபட்ச இருப்பும் திரும்பிய தவணையும்

சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கட்டணம் பிடிப்பதற்கும் முறை உண்டு. 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, இருப்பு குறைந்ததும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஒரு மாத அவகாசம் தர வேண்டும். கட்டணம் குறைந்துள்ள தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ரூ.1,000 இருக்க வேண்டிய இடத்தில் ரூ.400 இருந்தால் குறைவு ரூ.600. வங்கியின் விகிதம் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கட்டணம் ரூ.30, 18 சதவீத வரியுடன் ரூ.35.40. எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. பாஸ் புத்தகத்தில் கழித்தல் குறியோடு இருப்பு இருந்து, அடுத்து வந்த ரூ.1,000 அதில் கரைந்திருந்தால் தயங்காமல் கேட்கலாம்.

ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா, இந்தியன், பஞ்சாப் நேஷனல், பரோடா வங்கிகள் 2025இலும் சேமிப்புக் கணக்குக்கான இந்தக் கட்டணத்தைக் கைவிட்டன. தனியார் வங்கிகளில் இன்னும் பார்த்து நடக்க வேண்டும். எந்த வங்கியானாலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று தந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. ஏ.டி.எம். அட்டை இலவசம், மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஜன்தன் கணக்குகள் இந்த வகையே. ஏற்கெனவே உள்ள சாதாரணக் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றும்படி எழுதிக் கொடுக்கலாம். ஒரே வங்கியில் இரண்டும் வைத்துக்கொள்ள மட்டும் முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, தவணை திரும்பும் கட்டணம். இருசக்கர வாகனக் கடன், நுண்கடன், டிராக்டர் கடன் ஆகியவற்றுக்கு மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளக் கையெழுத்து வாங்கி விடுகிறார்கள். அந்தத் தேதியில் பணம் இல்லாவிட்டால் தவணை திரும்பும். கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார். நம் வங்கி ஒரு கட்டணம் போடும். வங்கிக் கட்டணம் ரூ.250 என்றால் வரியுடன் ரூ.295. கணக்கில் பணம் இல்லாததால் அந்த ரூ.295 பிடிப்பாக நிற்கும். மறுபடி ஒரு முறை அனுப்பினால் மறுபடி ரூ.295. மூன்று மாதம் கவனிக்காமல் விட்டவர் பின்னர் பால் பணம் போட்டபோது அது மறைந்து போவதன் காரணம் இதுதான். தவணைத் தேதிக்கு முந்திய நாளே பணம் கணக்கில் இருக்க வேண்டும். அன்று மாலை போட்டுக்கொள்ளலாம் என்பது பலிக்காது. கடன் முடிந்ததும், பிடித்துக்கொள்ளும் அனுமதியை ரத்து செய்யும்படி கடன் கொடுத்தவருக்கும் நம் வங்கிக்கும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். மே மாதக் கடைசியில் ரூ.20உம் ரூ.436உம் பிடிக்கப்பட்டால் அவை விபத்து, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியங்கள். விருப்பம் இல்லாவிட்டால் நிறுத்தலாம். குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் நிறுத்தாமல் இருப்பதே மேல்.

கே.ஒய்.சி.யும் உறங்கும் கணக்கும்

இவை எளிதில் தீர்பவை. அடையாள விவரத்தில் மாற்றம் ஏதும் இல்லையென்றால், "மாற்றம் இல்லை" என்று ஒரு சுய அறிவிப்பு போதும். 2025 ஜூன் முதல், கிராமத்தில் கைரேகை இயந்திரம் வைத்திருக்கும் வங்கி முகவரிடமே இதைச் செய்யவும் வழி செய்யப்பட்டுள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு செய்யாத கணக்கு செயல்படாக் கணக்கு எனப்படுகிறது. அதைத் திரும்ப நடப்புக்குக் கொண்டுவரக் கட்டணம் கிடையாது; செயல்படாத காலத்துக்குக் குறைந்தபட்ச இருப்புத் தண்டமும் கிடையாது. படிவம் முழுமையாகக் கொடுத்த மூன்று வேலை நாட்களுக்குள் கணக்கு திறக்கப்பட வேண்டும்.

காவல்துறை முடக்கினால்

இது புதிதாக வந்துள்ள நோய். மிகவும் கவலை தருவதும் இதுவே. எடுத்துக்காட்டாக, தக்காளி வாங்க வந்த வெளியூர் வியாபாரி கைபேசி வழியாக ரூ.8,000 அனுப்புகிறார். விவசாயி சரக்கை ஏற்றி அனுப்பிவிடுகிறார். பதினைந்து நாள் கழித்து, ரூ.60,000 இருந்த கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருக்கிறது. நடந்தது என்னவென்றால், எங்கோ வடமாநிலத்தில் இணையவழி மோசடியில் பணம் இழந்த ஒருவர் 1930 என்ற எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் கை மாறிக் கை மாறி வந்த வழியெல்லாம் காவல்துறை பிடிப்பு போடுகிறது. வியாபாரிக்கு வந்த பணத்தில் ஒரு துளி அதுவாக இருந்தாலும் தடம் விவசாயியின் கணக்கு வரை வந்துவிடும். விவசாயி குற்றவாளி என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் வாயால் சொன்னால் பிடிப்பு நீங்காது.

கிளை மேலாளருக்கு இந்தப் பிடிப்பைத் தாமாக நீக்கும் அதிகாரம் கிடையாது. அவரைத் திட்டிப் பயனில்லை. அவரிடம் பெற வேண்டியது விவரங்கள். எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு, கடிதம் வந்த தேதி என்ன என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பின்னர் அந்தக் காவல் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் விளக்கம் அனுப்ப வேண்டும். சரக்கு விற்றதற்கான சான்றுகளே இங்கே உயிர்நாடி. எடைச் சீட்டு, கமிஷன் மண்டி ரசீது, லாரி வாடகைச் சீட்டு, சிட்டா, அடங்கல், வியாபாரியுடன் கைபேசியில் பேசிய செய்திகள், பணம் வந்த பரிமாற்ற எண் எல்லாவற்றின் நகலையும் இணைக்க வேண்டும். எடைச் சீட்டைப் பையில் திணித்து மறந்துவிடும் பழக்கத்தை விட்டு ஒரு கம்பியில் கோத்து வைப்பது எவ்வளவு அவசியம் என்பது இப்போது புரியும்.

விளக்கத்தோடு ஒரு கோரிக்கையும் வேண்டும். பிடிப்பைச் சந்தேகத் தொகையான ரூ.8,000க்கு மட்டும் நிறுத்தி, மீதி ரூ.52,000ஐ எடுக்க அனுமதிக்கும்படி காவல் அதிகாரிக்கும் வங்கிக்கும் எழுத வேண்டும். தொகையும் காலமும் குறிப்பிடாமல் ஒரு கணக்கை முழுவதும் முடக்கி வைப்பது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் கூறி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க அனுமதித்தது. மனுவில் இதைக் குறிப்பிடலாம். காவல்துறைக்கு இந்த அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102ஆம் பிரிவின்கீழ் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. பதில் வராவிட்டால் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். வக்கீல் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

வருமுன் காக்க ஒரே வழி, வெளியூர் வியாபாரப் பணத்துக்கு ஒரு கணக்கும், அரசு உதவி, பால் பணம், வீட்டுச் செலவுக்கு வேறு வங்கியில் ஒரு கணக்கும் வைத்துக்கொள்வது. நாற்றங்காலை ஒரே இடத்தில் விடாததைப் போல. அத்துடன், "உன் கணக்கைக் கொடு, பணம் வந்து போகும், உனக்கு ரூ.2,000 தருகிறேன்" என்று கேட்பவரை வீட்டு வாசலில் நிற்கவும் விடக் கூடாது. அப்படிக் கொடுத்தவருக்கு மேலே சொன்ன எந்தச் சான்றும் கை கொடுக்காது. பிடிப்பை நீக்கித் தருவதாகத் தொலைபேசியில் அழைத்து ஓ.டி.பி. கேட்பவனும் திருடனே.

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால்

இதற்கு மனு எழுதுமுன் ஐந்து நாள் பார்க்கலாம். பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வைக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 வீதம் ஈட்டுத்தொகையும் சேர்த்து வரவு வைக்க வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு. இயந்திரம் தரும் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மனு எழுதும் முறை

மேலே சொன்ன எல்லாவற்றிலும் விவசாயிகள் தோற்பது ஒரே இடத்தில்தான்: பத்து முறை நேரில் போயிருப்பார்கள், ஒரு முறைகூட எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நேரில் போனதற்கு யாரிடமும் சாட்சி இல்லை. தமிழிலேயே எழுதலாம், ஒரு பக்கம் போதும். கோபச் சொற்கள் வேண்டாம். கீழ்க்கண்டவாறு அமையலாம்:

"ஐயா, தங்கள் கிளையில் மேற்கண்ட எண்ணில் சேமிப்புக் கணக்கு வைத்துள்ளேன். இம்மாதம் 5ஆம் தேதி நெல் விற்ற பணம் ரூ.42,000 வரவாகியுள்ளது. 7ஆம் தேதி எடுக்க வந்தபோது பிடிப்பு உள்ளதாகத் தெரிவிக்கப்பட்டது. எனக்கு முன்னறிவிப்பு ஏதும் வரவில்லை. பிடிப்பு போடப்பட்ட தேதி, தொகை, காரணம், உத்தரவிட்டவர் ஆகிய விவரங்களை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், எனக்குப் பொருந்தாத பிடிப்பாயின் உடனே நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். சம்பா பயிருக்கு இம்மாதம் 20ஆம் தேதிக்குள் மேலுரம் இட வேண்டியுள்ளது. தாமதத்தால் எனக்கு இழப்பு ஏற்படும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

பயிரின் தேதியை மனுவில் எழுதுவது அலங்காரத்துக்கு அல்ல. பின்னர் இழப்பீடு கேட்க நேர்ந்தால், தாமதத்தின் விளைவு வங்கிக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதுவே ஆதாரம். மனுவை இரண்டு படியாக எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் தேதியுடன் வங்கி முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். தபால் நிலையம் சென்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டால் போதும். பாஸ் புத்தகத்தில் அச்சிட்டுள்ள வங்கியின் இலவச எண்ணிலும் புகார் பதிந்து, அவர்கள் தரும் புகார் எண்ணை நகல் மீது எழுதி வைக்க வேண்டும்.

முப்பது நாள் கடந்தால்

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக இது நடைபெறுகிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழில் பேசி முறையைக் கேட்டு அறியலாம். தபாலில் அனுப்புவோர், "ரிசர்வ் வங்கி, சென்ட்ரல் விஸ்டா, செக்டர் 17, சண்டிகர் 160017" என்ற முகவரிக்கு, மனு நகல், முத்திரை அல்லது தபால் ரசீது நகல், பாஸ் புத்தகப் பக்கங்களின் நகல் ஆகியவற்றுடன் அனுப்ப வேண்டும். முதலில் வங்கிக்கு எழுதாமல் நேரே இங்கு எழுதினால் மனு தள்ளுபடியாகும். நீதிமன்றத்தில் உள்ள விஷயத்தையும் ஏற்க மாட்டார்கள். கடன் தர மறுத்தார்கள் என்ற புகாருக்கும் இது இடமல்ல. பதில் வந்த பிறகு மாதக் கணக்கில் ஆறப்போடாமல் உடனே அனுப்புவது நல்லது.

கடனை முழுவதும் கட்டிய பிறகும் நிலப் பத்திரத்தைத் தராமல் இழுத்தடிப்பதும் இதே வழியில் கேட்கத் தக்கதே. 30 நாட்களுக்குள் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கே முன்னோடி வங்கி மேலாளர் வருவார். தனி ஒருவர் மனுவைவிட, ஒரே கிளையில் ஒரே விதமாகப் பணம் பிடிக்கப்பட்ட பத்துப் பேர் பாஸ் புத்தக நகல்களோடு ஒரே மனுவாகக் கொடுப்பது விரைவில் பலன் தருகிறது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு வைத்திருப்போர் மட்டும், ரிசர்வ் வங்கித் திட்டம் தங்கள் சங்கத்துக்குப் பொருந்தாது என்பதை அறிய வேண்டும். அவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதிய மனுவின் நகலுடன் சரகத் துணைப்பதிவாளரையும், அங்கும் தீராவிட்டால் மண்டல இணைப்பதிவாளரையும் அணுக வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் 2025 நவம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. எனவே பணம் சங்கத்தில் நிற்கிறதா, மத்திய வங்கிக் கிளையில் நிற்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொண்டு மனுவை அனுப்ப வேண்டும்.